நாலாவது பாட்டில் நின்றுபோன ட்ரம்ஸ்

"தள்ளுங்க... தள்ளுங்க சார்!"

அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது. அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

மழை திடீரென்று வலுத்திருந்தது. குடையை முன்னால் சாய்த்துப் பிடித்தபடி அவள் ஓடிவந்த வேகத்தில், குடைக்கம்பி அவன் முகத்தில் பட்டு மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. திடுக்கிட்டு ஒரு அடி நகர்ந்தவன், தானே அதன்மேல் கால் வைத்தான். நொறுக்...

"காது கேக்காதா உங்களுக்கு?" பதற்றத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டாள்.

அவன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். நிமிர்ந்தபோது இமைகளில் மழைத்துளிகள். அவள் முகம் எங்கே இருக்கிறது என்று உத்தேசமாகப் பார்த்தான். கண்ணாடி போட்டுப் போட்டுப் பழகி, திடீரென்று வெளிச்சத்துக்கு வந்துவிட்ட கண்கள்... கூச்சப்படுகிற கண்கள்.

"இப்போதைக்குக் கண்ணுதாங்க தெரியல," என்று சிரித்தான்.

பின்னாளில் அவள் எத்தனையோ வார்த்தைகளுக்காக வருந்தினாள். முதலில் வருந்தியது அந்தக் கேள்விக்காகத்தான்.

"வாங்க. அடுத்த தெருவில கண்ணாடிக் கடை இருக்கு. அங்கதான் வேலை பார்க்கறேன். உடைச்ச பாவத்துக்கு நானே புதுசு செஞ்சு தர்றேன்."

"ஓ... குடையால உடைக்கறது, கடைக்குக் கூட்டிட்டுப் போறது. இப்படித்தான் வியாபாரம் நடக்குதா?"

அவள் சிரித்துவிட்டாள். அவன் சட்டைக் கையின் நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, சாலையைக் கடக்க வைத்தாள்.

கடையில் கூட்டம் இல்லை. அவனை உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டபடி, பழக்கதோஷத்தில் ஒரு பாட்டை முணுமுணுத்தாள். பலகையில் மூன்றாவது வரியோடு அவன் நின்றுவிட்டான்.

"அது... ஈரச் செங்கல் பாட்டுதானே?"

"உங்களுக்குத் தெரியுமா!" அவளுக்குக் குஷி தாங்கவில்லை. நாலு பேர் சேர்ந்து நடத்திய சின்ன பேண்டு அது. முகம் காட்ட மாட்டார்கள், பேட்டி தர மாட்டார்கள். அவர்களைத் தெரிந்த ஒருவரை நேரில் பார்ப்பதே அபூர்வம். "முதல் ஆல்பம் உயிர் சார். ஆனா ரெண்டாவது இருக்கே, 'மெல்ல'ன்னு..."

"ஏன், நல்லா இல்லையா?"

"நான் மட்டுமா சொல்றேன்? கேட்டவங்க எழுதறதைப் படிக்கணும் நீங்க. 'முதல் ஆல்பம் போட்டா பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், ரெண்டாவது போட்டா பாயோட வருவார்'னு ஒருத்தர். 'அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அதான் எனக்குக் கவலை'ன்னு இன்னொருத்தர். எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டது 'கடைசி பெஞ்சு'ங்கிற பேர்ல ஒருத்தர் எழுதினதுதான். நாலாயிரம் பேர் பகிர்ந்தாங்க."

"என்ன எழுதியிருந்தாங்க?"

"'ட்ரம்ஸ்காரர் விருந்தாளி மாதிரி தொட்டுத் தொட்டு வைக்கிறார். நாலாவது பாட்டில் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். திரும்பி வராமல் இருந்திருக்கலாம்.'" ராகம் போட்டுச் சொன்னாள். அந்தக் கடைசி பெஞ்சு நான்தான் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்கு முன் படிவத்தை நிரப்பிவிடலாம் என்று பேனாவை எடுத்தாள். "பக்கத்துப் பார்வைக்கா, தூரத்துக்கா? என்ன வேலை சார் உங்களுக்கு?"

"இப்ப வீட்டு வரைபடம் போடறேன்." அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "முன்னாடி ட்ரம்ஸ் வாசிச்சேன். நீங்க சொன்ன அந்த விருந்தாளி நான்தான்."

பேனா அப்படியே நின்றது.

ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிட வேண்டும்... கண்ணாடி வாங்க வரும்போது சொல்லியே தீர வேண்டும். அவன் வந்தான். அவள் புதுக் கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் வளைவு சரியாக உட்கார்கிறதா என்று குனிந்து பார்த்தாள். உள்ளறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் இடது காதருகே, முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சொன்னாள். "அதை எழுதினது நான்தாங்க... மன்னிச்சுடுங்க."

அவன் தலையாட்டினான். "சரியா இருக்குங்க," என்று சிரித்தான்.

அவ்வளவுதானா! இப்படியும் ஒரு மனுஷனா! அந்த நிமிஷத்தில்தான் அவள் விழுந்தாள். மன்னிக்கத் தெரிந்தவன் என்பதற்காகவே விழுந்தாள்.

அதன்பின் கண்ணாடி தளர்ந்துவிட்டது என்று வந்தான். இறுகிவிட்டது என்று வந்தான். ஒன்றுமே ஆகவில்லை, சும்மா வந்தேன் என்றும் ஒரு நாள் வந்தான். மாலையில் ஒன்றாக நடந்தார்கள். நடக்கும்போது அவளைத் தன் வலது பக்கம் விட்டுக்கொள்வான். பக்கம் மாறினால் சுற்றிக்கொண்டு வந்து சரிசெய்வான். 'என்ன ஒரு அக்கறை' என்று அவள் பூரித்துப்போனாள். பேண்டைப் பற்றி மட்டும் பேச்செடுத்தால், "அண்ணனும் நானும் இப்ப பேசறதில்லை," என்பதோடு முடித்துக்கொள்வான். பாடி, கிட்டார் வாசித்தது அவன் அண்ணன்தான்.

மூன்று மாதம் கழித்து, தன் அக்காவை அவனுக்கு அறிமுகப்படுத்த ஒரு காப்பிக் கடைக்கு அழைத்து வந்தாள். அக்காவுக்கு அவனைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. தங்கையின் பெருமையை அளக்க ஆரம்பித்தாள்.

"இவளைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க தம்பி. பாட்டைப் பத்தி இவ எழுதினா ஆயிரக்கணக்குல படிக்கறாங்க. கடைசி பெஞ்சுன்னா அவ்வளவு பேரு!"

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஒரு நிமிஷம்க்கா," என்று எழுந்து போனான். திரும்பவில்லை.

அவள் பின்னாலேயே ஓடினாள். தூறல். "நில்லுங்க... நான்தான் அன்னைக்கே சொன்னேனே! நீங்க தலையாட்டினீங்களே!"

"எப்ப சொன்னீங்க?"

"கண்ணாடி மாட்டினப்ப. காதுகிட்ட..."

"எந்தக் காது?"

அவள் அவனுடைய இடது பக்கத்தைக் காட்டினாள். அவன் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"இந்தக் காது செத்து ஒன்றரை வருஷம் ஆச்சுங்க," என்றான். "அந்த நாலாவது பாட்டைப் பதிவு பண்ணும்போதுதான் மொத்தமா போச்சு. ஒரு பக்கம் உலகமே அடைச்ச மாதிரி. தாளம் எங்க இருக்குன்னு தெரியல, கை நின்னுடுச்சு. அண்ணன் நிறுத்தாம பாடிட்டே இருந்தான். அவன் கால் தட்டறதைப் பார்த்துப் பார்த்துத்தான் திரும்பச் சேர்ந்தேன். மிச்சமிருக்கிற காதையாவது காப்பாத்திக்கத்தான் அதுக்கு முன்னாடியே மெல்ல வாசிக்க ஆரம்பிச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. ட்ரம்ஸ்காரனுக்குக் காது போச்சுன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"உங்க அண்ணன்கிட்டகூடவா..."

"அவன் எனக்கு அக்கறை போயிடுச்சுன்னு நினைச்சான். நீங்க எழுதினதை என் முகத்துக்கு நேரா வாசிச்சுக் காட்டினான். 'பாரு, ஊரே சொல்லுது, திரும்பி வராம இருந்திருக்கலாம்'னு. நான் எழுந்து வந்துட்டேன். அதோட முடிஞ்சுது பேண்டு."

அவள் கையை நீட்டினாள். அவன் விலகி நடந்தான்.

மூன்று வாரம் ஓடியது. அவள் போன் செய்தால் எடுக்கவில்லை. போய் நிற்க அவளுக்கும் ரோஷம் விடவில்லை. 'சொன்னேன்தானே? கேட்காமலே தலையாட்டியது யார்?' என்று தனக்குள் வாதாடினாள். வாதாடி வாதாடித் தோற்றாள். சொன்னதா அது? மெஷின் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு முணுமுணுத்தது...

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு 'மெல்ல' ஆல்பத்தை முதலிலிருந்து கேட்டாள். உண்மையில் அந்தக் கேலியை எழுதியபோது ஆல்பத்தை அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தாள். கடையில், அதே மெஷின் ஓட, வாடிக்கையாளருக்கு நடுவில். ஒரு தடவை கேட்டு, பத்து நிமிஷத்தில் எழுதி, நாலாயிரம் பேரின் கைத்தட்டலில் மறந்துபோனாள்.

நாலாவது பாட்டு வந்தது. ட்ரம்ஸ் நின்றது. பாடுகிறவனின் குரல் மட்டும் தனியாக நாற்பது விநாடி... பிறகு மிக லேசாக ஒரு தட்டல். இன்னொன்று. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வருகிறவனைப் போல அவன் திரும்பி வந்துகொண்டிருந்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் திரும்பி வந்ததைத்தானே வேண்டாம் என்று எழுதினாள்?

அழித்துவிடலாம்தான். ஆனால் அழித்தால் நாலாயிரம் பேர் மனதிலிருந்தும் போய்விடுமா? பழையதை அப்படியே விட்டு, கீழே எழுதினாள். 'இதை நான் சரியாகக் கேட்காமல் எழுதினேன். ஒரு மனிதர் எவ்வளவு கஷ்டப்பட்டு வாசித்ததைக் கேலி செய்தேன். தவறு என்னுடையது. நாலாவது பாட்டை நிதானமாகக் கேளுங்கள்.' காதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது. பதினேழு பேர்தான் படித்தார்கள்.

மறுநாள் மதியம் அவன் வேலை செய்யும் அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலோர மேஜையில் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவள் சுற்றிக்கொண்டு போய் அவன் முகத்துக்கு நேராக நின்றாள்.

"எனக்குத் தைரியம் இல்லாம காதோரமா முணுமுணுத்தேன். இப்ப நேரா சொல்றேன். எழுதினது நான். கேட்காம எழுதினேன். நீங்களும் உங்க அண்ணனும் பிரிஞ்சதுல என் பங்கு இருக்கு. அதை என்னால திருப்பித் தர முடியாது." மூச்சு வாங்கியது. "இன்னொண்ணு... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பவே. கேக்குதா?"

அடுத்தடுத்த மேஜைகளில் தலைகள் நிமிர்ந்தன. அவன் பென்சிலைக் கீழே வைத்தான்.

"எல்லாருக்குமே கேட்டுடுச்சு," என்றான். சிரிக்க முயன்று, முடியாமல். "பதினேழு பேர் படிச்சாங்கன்னு போட்டிருந்தது. அதுல ரெண்டு நானும் அண்ணனும்."

"அண்ணனா?"

"நேத்து ராத்திரி அவனுக்குப் போன் பண்ணி, அதைப் படிக்கச் சொன்னேன், காதைப் பத்தியும் சொன்னேன். 'ஏன்டா சொல்லல, ஏன்டா சொல்லல'ன்னு அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். அழுதான். கிட்டாரை யாருக்கோ குடுத்துட்டானாம். இனிமே வாசிக்க மாட்டானாம். நான் முதல் நாளே வாயைத் திறந்திருந்தா..." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "காதுல விழாததுக்கெல்லாம் தலையாட்டியே பழகிட்டேன். உங்க மேல மட்டும் தப்பு சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கு?"

இல்லாமல் போன ஒரு மூன்றாவது ஆல்பம் அவர்களுக்கு நடுவே இருந்தது. அதை யாரும் இனிக் கேட்கப்போவதில்லை.

"உன்மேல கோபம் இருக்கு," என்றான் கடைசியில். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்ததை அவள் கவனித்தாள். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்னு நினைக்கறேன். ஆனா இந்த மூணு வாரமா இந்த ஆபீஸ் கதவு திறக்கும்போதெல்லாம் நீதானோன்னு பார்த்தேன். கோபத்தோடயே பார்த்தேன். உன்னை அவ்வளவு பிடிச்சிருக்கு... என்ன செய்யட்டும் சொல்லு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கோபமாவே இருங்க. எவ்வளவு நாள் வேணாலும் இருங்க. ஆனா என் பக்கத்துலயே இருங்க."