அழித்த அட்ரஸ்

ஃபோன் அலறியது.

இக்னேஷியஸ் எடுக்கவில்லை.

திரையில் பெயர்... இஃப்ரா!

இது மூன்றாவது தடவை. ஆழ்வார்பேட்டை வக்கீல் ஆபீஸில் பதினெட்டு வருட மேனேஜர் அவர். கட்சிக்காரர் ஃபோனை அடிக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது இன்றுதான் முதல் தடவை.

வக்கீல் ஃப்ளோரா அறையிலிருந்து வெளியே வந்தாள்.

“காது கேக்கலையா?”

“கேக்குது மேடம்...”

“அப்புறம்?”



“சைதாப்பேட்டை ஆபீஸ் கம்ப்யூட்டர் மூணு மாசமா ரிப்பேர்ல கெடந்துச்சே... காலைல வந்துச்சு. நம்ம மூணு மெஷின்லயும் மெயில் லிஸ்ட் ஒண்ணா இருக்கட்டும்னு சேத்து விட்டேன்.”

“நல்லதுதானே?”

“இஃப்ராவோட பழைய மெயில் அட்ரஸ் அதுல அப்படியே இருந்துச்சு மேடம். மத்த ரெண்டுலயும் நாம அழிச்சது... திரும்ப எல்லாத்துலயும் வந்து உக்காந்துகிச்சு. நான் கவனிக்கல.”

ஃப்ளோரா கார் சாவியை எடுத்தாள்.

அந்தப் பழைய மெயிலின் பாஸ்வேர்டு தௌசீஃபுக்குத் தெரியும். இஃப்ராவின் புருஷன். அவள் கழுத்தில் கத்தி வைத்தவன். ஜாமீனில் திரிகிறவன்!

“அதுக்கு எதை அனுப்பினீங்க?”

“மனுவை... புது வீட்டு விலாசத்தோட.”

“எப்போ?”

“பத்து மணிக்கு.”

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு காட்டியது.

“ரெண்டு மணி நேரம் என்ன பண்ணீங்க?”



“மூணு மெஷின்லயும் அந்த அட்ரஸை அழிச்சேன்... யாருக்கும் தெரியக் கூடாதுன்னு.”

“அவளுக்கு ஒரு ஃபோன் பண்ணலையா?”

“வெக்கமா இருந்துச்சு மேடம்.”

“வெக்கமா! அவ செத்துட்டா என்ன பண்ணுவீங்க?”

கார் மேற்கு மாம்பலத்துக்குப் பறந்தது. ஃப்ளோரா போலீஸுக்குச் சொன்னாள். இக்னேஷியஸ் இஃப்ராவை அழைத்தார்.

மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது.

இப்போது எடுக்காதது அவள்!

சந்துக்குள் கார் நுழையாது. இறங்கி ஓடினார்கள். ஐம்பத்தாறு வயது இக்னேஷியஸ் முன்னால் ஓடினார்.

முதல் மாடி. கதவு திறந்து கிடந்தது.

வாசலில் ரத்தம்!

“மாதாவே...” அவர் உள்ளே பாய்ந்தார்.

உள்ளே குப்புற ஓர் உடல்.

ஆண்!

தௌசீஃப். மூக்கு உடைந்திருந்தது. கைகள் முதுகுக்குப் பின்னால், விலங்கோடு. கத்தி கட்டிலுக்கடியில் கிடந்தது. அவன் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தாள் எஸ்.ஐ. அனுப்ரியா... மஃப்டியில்.

சமையலறை வாசலில் இஃப்ரா. அவள்மேல் ஒரு கீறல்கூட இல்லை!

“எப்படிம்மா...?”

“அந்தப் பழைய மெயிலை நானும் டெய்லி பாக்கறேன் அங்கிள். இவன் மிரட்டி எழுதறதை கோர்ட்ல காட்டணுமே. பத்து அஞ்சுக்கே உங்க மெயிலைப் பாத்துட்டு ஸ்டேஷனுக்கு ஓடி இவங்களைக் கூட்டிட்டு வந்துட்டேன்.”

“அப்ப எனக்கு எதுக்கு மூணு தடவ...?”

“நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்.”

அவள் திட்டியிருக்கலாம். அறைந்திருக்கலாம். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

அதை வாங்காமல் அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அனுப்ரியா தௌசீஃபைத் தூக்கி நிறுத்திவிட்டு இக்னேஷியஸ் பக்கம் திரும்பினாள்.

“இன்னா நைனா, அழுதது போதும். ஸ்டேஷனுக்கு வா. அனுப்புனது, அழிச்சது எல்லாம் எழுதித் தரணும். மூணு காப்பி... மூணுலயும் ஒரே மாதிரி இருக்கணும், ஆமா!”