பக்கத்து சீட் பெல்ட்

பூட்டை அழுத்தியதும் பெல்ட் விடுபட்டது. ஆனால் உள்ளே போகவில்லை. கொஞ்சம் ஊர்ந்தது, நின்றது. துவண்டு விழவும் இல்லை. காலி சீட்டுக்கு முன்னால், ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் மார்பு எங்கே இருக்குமோ அங்கே, வளைந்து நின்றுகொண்டது.

“இது வேறயா” என்று அவர் முனகினார். சாயங்கால ரயிலில் மகள் வருகிறாள், எட்டு மாத வயிற்றோடு. மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார்; அவள் தனியாக இருக்க வேண்டாமென்று இவர்தான் வரச் சொன்னார். பின் சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும். முன் சீட்டில்தான் உட்காருவாள். அவளுக்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகிவிடக்கூடாது. இவருக்கு மிச்சமிருப்பது அவ்வளவுதான்.

மனைவியை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிய நாளிலிருந்து அந்த பெல்ட் பூட்டியே கிடந்தது. வழக்கமாக அவர்தான் பூட்டைக் கழற்றிவிடுவார். அவள் விரலில் அந்தப் பொத்தானை அழுத்தும் தெம்பு இல்லை. “சீக்கிரம் கழட்டுங்க, நான் என்ன உங்க கைதியா?” என்பாள். அன்றைக்கு அவர் இறங்கிச் சுற்றி வருவதற்குள் ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் கதவைத் திறந்துவிட்டார்கள். அவ்வளவு இளைத்திருந்தாள். கழற்றாமலே, பெல்ட்டுக்கு அடியிலிருந்து துணியை உருவுவது போல உருவிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பி வரவில்லை. அந்தப் பூட்டைத் தொட அவருக்கு மனசு வரவே இல்லை. இன்றைக்குத்தான் வந்தது.

மெக்கானிக் போனிலேயே சொல்லிவிட்டார். “ரொம்ப நாள் பூட்டியே வச்சிருந்தீங்களா? ஸ்பிரிங் சோம்பேறி ஆயிருக்கும். மேல வளையத்துல அழுக்கும் சேர்ந்திருக்கும். முழுசா இழுத்து, உள்ளே போகாம ஒரு கிளிப் மாட்டுங்க. சோப்புத் தண்ணியில துடைச்சு, நல்லா காய வச்சு விடுங்க. ஓடிப் போயிடும்.”

துணி காயப்போடும் கிளிப் இரண்டை மாட்டினார். வாளியில் சோப்பு கரைத்து, பெல்ட்டைத் தடவித் தடவித் துடைத்தார். தண்ணீர் கறுத்தது. அதோடு ஒரு வாசனை எழும்பியது. அவள் கழுத்தில் தேய்த்துக்கொள்ளும் வலித் தைலம், கொஞ்சம் வியர்வை, கொஞ்சம் தலைக்குத் தேய்த்த எண்ணெய். அவர் கை நின்றுவிட்டது. அவளை இந்த உலகத்தில் கடைசியாகப் பிடித்து வைத்திருந்தது இந்தப் பட்டைதான், அதையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறோமே என்று தோன்ற, வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மின்விசிறியைக் கொண்டுவந்து காயவைத்துவிட்டு, கிளிப்பை எடுத்தார். பெல்ட் மெதுவாக உள்ளே போனது. நின்றது. போனது. ஓடிப் போகவில்லை. நோயாளி மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறுவது போலப் போனது. கடைசியில் கதவோரத் தூணில் ‘டக்’கென்று முட்டியது. அப்பாடா என்றிருந்தது.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் ஏறிச் சாவியைத் திருகினார்.

டிங். டிங். டிங்.

முகப்பில் சிவப்பு விளக்கு. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை.

சீட் காலியாக இருந்தது. ஒரு பை கூட இல்லை. கனம் இருந்தால் மட்டும்தான் அந்த மணி அடிக்கும். இத்தனை மாதம் அடிக்கவில்லை. ஏன் அடிக்கும்? பெல்ட்தான் பூட்டியே இருந்ததே.

தண்ணீர் பட்டுக் கெட்டிருக்கும், பாழாய்ப்போன சென்சார் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார். மழை பிடித்தது. கண்ணாடியில் வைப்பர் தேய்கிற சத்தம். தைல வாசனை. வழி நெடுக அந்த மணி. டிங். டிங். சிக்னலில் நின்றபோது தாங்க முடியவில்லை. கையை நீட்டி, பெல்ட்டை இழுத்து, வெறும் சீட்டுக்குக் குறுக்கே பூட்டினார்.

மணி நின்றது.

பெல்ட் சீட்டில் படியவில்லை. பழைய அளவில் நின்றது. வயிற்றுப் பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஆபரேஷன் தழும்பில் உரசாமல் இருக்க இரண்டு விரலை உள்ளே கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொள்வாளே, அப்படி.

“சரிடி” என்றார். “சரி, இரு.”

ஸ்டேஷன் வாசலில் மகள் முன் கதவைத் திறந்தாள்.

“பின்னாடி உட்காரும்மா.”

“ஏன்ப்பா? முன்னாடின்னாதான் எனக்குக் குமட்டாது.”

“அந்த பெல்ட் சரியில்லம்மா.”

பூட்டிக் கிடந்த பெல்ட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கண் நிறைந்தது. “அம்மா சீட்டுல யாரையும் உட்கார விட மாட்டீங்க, அதானே?” என்று அவர் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பின்னால் ஏறி, தன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

தெருவிளக்குகள் மழையில் கரைந்து பின்னால் போயின. மகள் பேசிக்கொண்டே வந்தாள். “நீங்க அம்மாவைப் பத்திப் பேசவே மாட்டேங்கிறீங்க. என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? பேரப்பிள்ளையை ஒரே ஒரு தடவை தொட்டுட்டா போதும், அப்புறம் எமன் வந்தாலும் முன் சீட்டுல ஏறி உட்கார்ந்து போயிடுவேன்னு...”

சர்ர்ர்.

மெல்லிய சத்தம். அவர் திரும்பவில்லை. கடைக்கண்ணில் தெரிந்தது. பக்கத்து பெல்ட் தூணிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. மெதுவாக. மிக மெதுவாக. சீட்டில் இருப்பவர் உடம்பைத் திருப்பிப் பின்னால் எட்டுவது போல.

வெடுக்கென்று குலுங்கினால் பெல்ட் மேலே வராமல் இறுகிக்கொள்ளும். அவருக்குத் தெரியும். பிரேக்கை மிதித்தார்.

டக். நின்றது.

“ஐயோ, மெதுவாப்பா! பிள்ளைத்தாச்சியைக் கூட்டிட்டுப் போறீங்க!” மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னொரு முறை மிதிக்க முடியாது. அவள் தாங்க மாட்டாள்.

வண்டி உருண்டது. இழுவை தளர்ந்தது. சர்ர்ர். வேண்டாம்டி. உன் பிள்ளைதான் அது. வேண்டாம்.

“ஏசியை நிறுத்துங்கப்பா” என்றாள் மகள். “வயித்துல யாரோ கை வச்ச மாதிரி சில்லுன்னு இருக்கு.”

ஏசி போடவே இல்லை.

தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தார். இரண்டு சீட்டுக்கும் நடுவே பெல்ட் விறைத்து நீண்டிருந்தது. மகளின் வயிற்றில் சேலை, ஐந்து இடத்தில் குழிந்திருந்தது. பெல்ட் முழுதும் வெளியே வந்த பின்னும், தூணுக்குள் அதைச் சுற்றும் சுருள், இன்னும் எட்ட வேண்டும் என்பது போலச் சுற்றிக்கொண்டிருந்தது.