இரண்டை அழுத்தவும்

பதினொரு மணிக்கு வந்த போன், மைக்கம்மா பேசியதைக் குழறலாகத் திருப்பிப் போட்டது. அவளோ குழறவே இல்லை.

பஸ் நிலையத்தில் இருபது வருடம் அறிவிப்பு வாசித்தவள் அவள். மைக்கம்மா என்பது டிரைவர்கள் வைத்த பெயர். மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் நாக்கும் படுத்துவிட்டன. நாக்கை மல்லுக்கட்டி எழுப்பிவிட்டாள். ஒரு முறை வந்தது மறுபடி வருமா என்று கணிக்க, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் தினமும் கூப்பிடும். ஒரு வாக்கியம் கொடுக்கும். சொன்னதைப் பதிவு செய்து போட்டுக் காட்டும். சரியென்றால் ஒன்றை அழுத்த வேண்டும், மறுபடி பேச இரண்டு. கடைசியில், நூற்றுக்கு இத்தனை ஆபத்து என்று ஓர் எண் சொல்லும். நேற்று பதினொன்று. பத்துக்குக் கீழே இறங்கினால் திங்கட்கிழமை மைக் முன்னால் உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இரண்டை அழுத்தினாள். "மழை விட்டது, வழியில் வெளிச்சம் தெரிகிறது." ழகரம் கணீரென்று விழுந்தது.

போனில் வந்தது: "மய... விட்டது... வயில்..."

"யாருகிட்ட உன் வேலையக் காட்டுற?" என்று போனைப் பிடித்துத் திட்டினாள்.

அடுப்படியில் தங்கை சிரித்தாள். "மெஷின்கிட்டயும் சண்டையாக்கா? குடு, நான் பேசுறேன். நம்ம குரலு எது யாருதுன்னு தெரியாம அம்மாவே முழிப்பாங்க."

"நீ பாலப் பாரு. பொங்கிடப் போகுது."

மறுபடி இரண்டு. இந்த முறை போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். குழறலுக்குப் பின்னால் குழாய் சொட்டுவதும், அடுப்பு மெல்லச் சீறுவதும், ஒற்றைச் செருப்பு தரையில் இழுபட்டு இழுபட்டு வருவதும், முடிவில் ஒரு டம்ளர் விழுந்து வெகுநேரம் உருண்டு அடங்குவதும் கேட்டன. வீட்டில் எந்த டம்ளரும் விழவில்லை. அவளுடையது பக்கத்து ஸ்டூலில் அப்படியே இருந்தது.

டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தாள். "இப்ப எப்படி விழும், பாக்கலாம். ஒரு தடவ எழுந்து வந்தவ நான்."

இரண்டு. பேசினாள். கேட்டாள்.

டம்ளர் விழுந்தது. அதற்குப் பின், அதே குழறலில், இன்னொரு சொல்.

"அக்கா."

அவளுக்கு அக்கா கிடையாது.

அடுப்படியில் சிரிப்புச் சத்தம் இல்லை. பால் தீயும் வாசம். குழாய் சொட்டியது. செருப்பு இழுபட்டது.

அடுப்படி வாசலில் தங்கை நின்றாள். வாயின் ஒரு கோடி கீழே தொங்கியது. கையில் பால் டம்ளர், சாய்ந்து, விரல்களிலிருந்து நழுவிக்கொண்டு.

"மய... விட்டது... வயில்..."

"பதிவு சரியென்றால் ஒன்று," என்றது போன். "மறுபடி பேச இரண்டு."

"மாட்டேன்டி. உன்ன விட மாட்டேன்."

விளங்காத வலது விரலை இடது கையால் பிடித்து, இரண்டின் மேல் குத்தினாள்.

தங்கை கையில் டம்ளர் மறுபடி நிமிர்ந்திருந்தது. பால் விளிம்பு வரை இருந்தது. தங்கை வாயைத் திறந்தாள்.

"மய... விட்டது..."

டம்ளர் சாய்ந்தது.

இரண்டு.

"மய..."

இரண்டு.

ஒவ்வொரு முறையும் வாய், கை, பால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கின. தங்கையின் கண்கள் மட்டும் தொடங்கவில்லை. அவை அக்காவையே பார்த்து அழுதுகொண்டிருந்தன.

இரண்டு.