உடைந்தால் தெரியும் கடல்

காலையில் எழுந்ததும் பிலோமினா இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டுக்கொண்டாள். விடாவிட்டால் கண்சல்லடை காய்ந்து உறுத்தும். கழற்றவும் முடியாது, சுவர் எழுந்த வருஷமே ஊரில் எல்லார் கருவிழியிலும் ஒட்டிவிட்டார்கள். பார்க்கக் கூடாதது எதிரே வந்தால் அதை அழித்து வெறும் வெள்ளையாகக் காட்டுகிற லென்ஸ் அது. கேட்டால் மனநலப் பாதுகாப்பு என்பார்கள். யாருடைய மனநலம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

தூத்துக்குடி கடலைப் பார்த்து இருபது வருஷமாகிறது. ஏறி வந்த கடலைத் தடுக்கச் சுவர் கட்டி, கம்பிக் கதவைப் பூட்டி, அதன் மேல் இரும்புக் கதவைச் சாத்தியபோது, மீன் ஏலக்கூடத்துப் பெண்கள் வெளியே நின்றிருந்தார்கள். அப்படி யாருமே நிற்கவில்லை என்று கரைக்காவல் படை சாதித்தது. அன்றிலிருந்து அலையின் உருவமும் அந்தப் பெண்களின் முகங்களும் சல்லடையில் தடை.

விரலுக்குச் சல்லடை போட மட்டும் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை, பாவம்! பிலோமினாவும் தோழிகளும் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தாமிரபரணிக் கரையில் ஒரு காலத்தில் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தார்கள். உடல் கிடைக்காத அந்தப் பெண்களுக்கு இவர்கள் ஆளுக்கொரு தாழி வனைந்தார்கள். தாழியைச் சுற்றி அலை, அலைக்குள் முகம். கண்ணுக்கு வெள்ளைப் பானை; தடவினால் மூக்கு, வாய், கன்னம். தான் பூசிய நீல மெருகு சூளையில் எப்படி வெந்து வந்திருக்கிறது என்று பிலோமினாவே பார்த்ததில்லை.

சுவரோரக் கொட்டகையில் கண்காட்சி. தடவிப் பார்த்த பெண்கள் கதறினார்கள். வெறும் பானையைக் கட்டிக்கொண்டு எவளாவது அழுவாளா? சேதி படைக்குப் போய்விட்டது. படைத்தலைவர் தனசிங் ஆட்களோடு வந்து நின்றார். முன்னால் படை உடுப்பில், கடப்பாரையுடன் ரீட்டா. பிலோமினாவின் தங்கச்சி ஜெசிந்தாவின் மகள். பிலோமினாதான் சோறூட்டி வளர்த்தாள்.

"ஒம் பெரியம்மாதானே? நீயே ஒடை. ஒம் விசுவாசத்தப் பாப்போம்" என்றார் தனசிங்.

பிலோமினா ஒரு தாழியை மறித்து நின்றாள். "ஏட்டி, இது ஒங்கம்மா. கையுறையக் கழத்திட்டு ஒருக்கா தடவிப் பாருட்டி. அவ கதவுக் கம்பியப் பிடிச்சிக்கிட்டு ஒம் பேரச் சொல்லிக் கத்துனா. இந்தப் பக்கம் நின்னு அவ விரலப் பிடிச்சிருந்தது நான்."

"அம்மா எவன்கூடயோ பஸ் ஏறிப் போனா. பள்ளிக்கூடத்துல வீடியோ போட்டுக் காட்டுனாவ. கண்ணால பாத்தேன் பெரியம்மா!"

"கண்ணாலதானட்டி பாத்த!"

தனசிங் கண்ணைக் காட்டினார். ஒரு காவலன் தடியை ஓங்கி அடித்தான். தாழியின் விளிம்பைப் பிடித்திருந்த பிலோமினாவின் விரல்கள் முறிந்தன. அவள் அலறிக்கொண்டு சரிந்தாள். ரீட்டா அவளை நோக்கிக் குனிந்தாள். ஆனாலும் ஓடிப்போனவள் மேல் இருபது வருஷமாகச் சேர்த்து வைத்த ஆத்திரம் அது. கடப்பாரையை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினாள். தாழி வெடித்துச் சிதறியது.

தரையெங்கும் நீலம்.

காவலர்கள் பின்வாங்கினார்கள். சல்லடைக்கு முழு அலை தெரியும், முழு முகம் தெரியும். அரை உதட்டையும் கால்வாசி அலையையும் அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அதனால் எதையும் அழிக்காமல் விட்டுவிட்டது. கம்பியை இறுக்கிய நான்கு விரல்கள் ஒரு சில்லில். இன்னொன்றில் ஒரு புருவம், நடுவில் பிளந்த தழும்போடு.

அந்தத் தழும்பு ரீட்டாவுக்குத் தெரியும். பால் வேண்டாமென்று அவள் எறிந்த டம்ளர் பட்ட காயம். ரத்தம் வழிய வழிய அம்மா சிரித்தது கூட நினைவிருக்கிறது. வீடியோவில் பஸ் ஏறியவளின் புருவம் முழுசாக இருந்ததே! எத்தனை தடவை அந்த வீடியோவைப் பார்த்துத் திட்டியிருக்கிறாள்.

"சார், பஸ்ல ஏறுனது யாரு?"

"எல்லாரும் கண்ண மூடுங்க! வெளிய போங்க!" தனசிங் துப்பாக்கியை உருவினார். ரீட்டாவின் கடப்பாரை அவர் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. அவர் கையிலிருந்து விழுந்த துப்பாக்கியை அவள் காலால் எட்டித் தள்ளினாள்.

பிலோமினா முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் நினைத்திருந்ததைவிட ஆழமான நீலம். இத்தனை வருஷ உழைப்பு. முழுசாக இருக்கும்வரை யார் கண்ணிலும் படப்போவதில்லை. அவள் அழுதாள்.

"மத்ததையும் ஒடைட்டி" என்றாள்.

ரீட்டா அடுத்த தாழிக்குப் போனாள். "இது யாரு?"

வாசலில் நின்ற பெண்கள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பிலோமினாவின் விரலை முறித்த காவலன் தடியைக் கீழே போட்டான். கையுறையைக் கழற்றித் தாழியைத் தடவினான்.

"எங்க அக்கா" என்றான். "நானே ஒடைக்கேன், குடு."