அவள் நிரைக்குள் வந்தவன்

"ஏனுங்க... யாரைக் கேட்டு என் நிரையில கை வச்சீங்க?"

தேயிலைச் செடிமேல் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். மூடுபனிக்கு நடுவே இரண்டு கண்கள்... கறுத்து, ஆழ்ந்து, இப்போது மிரண்டு போய். கை நிறையக் கொழுந்து.

சாந்தாமணிக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். மற்றப் பெண்கள் முன்னேறிவிட, அவள் பறிக்க வேண்டிய செடிவரிசை, அவள் நிரை மட்டும் பின்தங்கிக் கிடந்தது. அதைப் பார்த்து மனம் கேட்காமல், எதிர்முனையிலிருந்து பறித்துக்கொண்டே வந்துவிட்டானாம். கீழ் கோத்தகிரிக்குத் தொழிற்சங்க வேலைக்காகப் புதிதாக வந்த பொன்ராஜ்.

அந்த எஸ்டேட்டில் ஒரு பெண்ணின் நிரைக்குள் அப்படி எதிரே பறித்து வர, அவளுக்குப் பரிசம் போட்டவனுக்கு மட்டுமே உரிமை. பாவம், அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"மாப்பிள்ளைக்கு ஒரு கூடை குடுங்கடி" என்றாள் பக்கத்து நிரை மூக்கம்மா. சரிவு முழுக்கச் சிரிப்பு.

விஷயம் புரிந்ததும் அவன் காதுவரை சிவந்தான். கொழுந்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"திருப்பிச் செடியில ஒட்ட வைக்கவா போறீங்க? கூடையில போடுங்க" என்றாள் அவள். கோபமாகத்தான் சொன்னாள். உதடு மட்டும் ஏனோ அடங்கவில்லை...

மறுநாளும் அந்தப் பக்கம் வந்தான். அதற்கடுத்த நாளும். ஓய்வு நேரத்தில் பெண்களிடம் பேசினான். ஆந்திரப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் சங்கம் வளர்த்தவன். அங்கே கரி படிந்து முகமே தெரியாது, கண்ணைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்வோம் என்றான். அதுதான் இப்படிக் கண்ணையே பார்க்கிறானா என்று நினைத்துக்கொண்டு, அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மழைக்கு முன்னால் எல்லோருக்கும் கம்பளி. அதுதான் எஸ்டேட் நிர்வாகத்திடம் அவன் கேட்டது. நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு இருமியவர்கள் ஒவ்வொருவராகக் கூட்டத்துக்கு வந்தார்கள். அப்போதுதான் ஆபீஸ் பக்கமிருந்து அந்தப் பேச்சு கிளம்பியது... சங்கத்துக்காரன் வந்தது கம்பளிக்கு இல்லை, கங்காணி மகளுக்கு என்று. கூட்டம் கலைந்தது. அவள் அப்பா, வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி சுடலைமணி, அன்றிரவு சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

ஒரு மாலை பொன்ராஜே வீடு தேடி வந்தான். காலை பஸ்ஸில் போய்விடுவதாகவும், சங்கம் வேறு ஆளை அனுப்பும் என்றும் அவள் அப்பாவிடம் வாசலில் நின்றே சொன்னான். "நிரையில வந்தது தெரியாம செஞ்ச தப்புங்க. மன்னிச்சிருங்க."

உள்ளே அடுப்படியில் சாந்தாமணிக்குச் சுருக்கென்றது. தப்பா... எல்லாமே தப்புத்தானா? போகட்டும், எனக்கென்ன என்று விறகைத் தள்ளினாள். புகையாலோ, வேறெதனாலோ, கண் கலங்கியது.

காலையில் சாரல். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. படியில் கால் வைக்கப்போனவன் முன்னால் வந்து நின்றாள். முடியில் மழைத்துளிகள்...

"நீங்க ஓடிப்போனா ஆபீஸ்ல சொன்னதுதான் நெசமாயிரும். கம்பளிய அப்புறம் யாரு கேப்பாங்க?"

"இருந்தா உங்க பேரு கெடுமே."

"என் பேரை நான் பாத்துக்கறேனுங்க." குரல் இறங்கியது. "எங்கப்பாகிட்டத் தப்புன்னீங்களே... தப்புத்தானுங்களா?"

அவன் தோள்பையைக் கீழே இறக்கினான்.

"மொத நாள் தப்புதான், சாந்தாமணி. அடுத்த நாள் வந்தது ஆசை."

மழை சட்டென்று வலுத்தது. இருவருக்குமே நகரத் தோன்றவில்லை.

"ஏறுறீங்களா, இல்லையா?" என்றார் கண்டக்டர்.

அவள் திரும்பினாள். முகமெல்லாம் வெட்கம்... ஆனால் குரலில் கங்காணி மகளின் அதிகாரம்.

"அவரு வரலீங்கண்ணா. கம்பளி வாங்கித் தரோணும், அப்புறம் எங்க ஊட்டுக்குப் பொண்ணு கேக்க வரோணும்... நெறைய வேலை கெடக்குதுங்க அவருக்கு."