கொசுறு கவுன்

என் சம்சாரம் ராமாத்தாளின் இதயத்துக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் சொன்னார்கள். மூன்று இருபதில் முடித்தேன். சூலூரில் முப்பது வருசமாக ஜவுளிக்கடை. சொன்ன விலைக்கு வாங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

பையை அவளே கட்டினாள். கடைச் சீட்டில் எழுதி, உள்ளே வைக்க வைக்க டிக் அடித்தாள். பிளாஸ்க் ஒன்று, டம்ளர் இரண்டு, துண்டு இரண்டு, நைட்டி மூன்று. எல்லாவற்றுக்கும் மேலே கடுகு நிறச் சேலை.

"இதக் கட்டிக்கிட்டுத்தானுங்க ஊட்டுக்கு வருவேன்."

கோயமுத்தூரில், ஆஸ்பத்திரியின் நாலாவது மாடி. நர்ஸ் மிஸ்பா பச்சைக் கவுன் ஒன்றைக் கொடுத்தாள். முதுகுப்பக்கம் முழுக்கத் திறப்பு, கட்டிக்கொள்ள நாடா. இத்தனை பணம் வாங்கிக்கொண்டு முதுகுக்குத் துணி இல்லையா என்றேன், சிரித்தாள். கொசுறாக இன்னொன்று கேட்டேன். ஆளுக்கு ஒன்றுதானாம். ஆனால் அலமாரியின் அடித்தட்டில் ஒன்று தனியாக மடித்துக் கிடந்தது.

"அது கணக்குல இல்லாதது சார். விட்டுடுங்க."

கணக்கில் இல்லாததுதானே கொசுறு? அவள் போனை எடுக்கத் திரும்பினாள். நான் கவுனை எடுத்தேன்.

முதல் கவுனில் காப்பி கொட்டிவிட்டதால் ராமாத்தாள் அதைத்தான் போட்டாள்.

"ஏனுங்க, வெதுவெதுன்னு இருக்குதுங்க. யாரோ இப்பத்தான் கழட்டிக் குடுத்தாப்புல."

தொட்டுப் பார்த்தேன். துணி தெரிந்த கை. வெயிலில் காய்ந்த சூடு வேறு, உடம்புச் சூடு வேறு.

நாடாவைக் கட்டிவிட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மறுநாள் பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் பார்க்க விட்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. கட்டிலின் கால்மாட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பச்சைக் கவுன். முதுகு என் பக்கம். இரண்டு கைகளும் பின்னால் வந்து நாடாவைத் தேடிக்கொண்டிருந்தன.

எட்டவில்லை.

உள்ளே போனால் ராமாத்தாள் மட்டும்தான். மருந்து நெடிக்கு அடியில் ஈரத்துணி மக்கிய வாடை.

"அந்தம்மாவுக்கு ஊட்டுக்குப் போகணுமாம். கட்டிக்கச் சீலை இல்லீங்களாம்," என்றாள் மெல்ல. "என்ற சீலையக் குடுத்துப்போட்டேன்."

மருந்து மயக்கம் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. சேலை இருந்த பை அவளிடம் இல்லை, கீழே கூடத்தில் என் பொறுப்பில்தான் இருந்தது.

நாலாம் நாள் காலை ஆறரைக்கு ராமாத்தாளின் இதயம் நின்றது.

நான் அழவில்லை. பில்லைச் சரிபார்த்தேன். இன்னொரு கவுன் என்ன ஆயிற்று என்று மிஸ்பாவைக் கேட்டேன்.

"ஒண்ணுதான் சார் குடுத்தோம்."

அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

அன்றைக்கே சூலூரில் எரித்தோம். மறுநாள் உச்சிப்பொழுதில், சொந்தபந்தம் கிளம்பிய பிறகு, பையைப் பிரித்தேன். சீட்டையும் கையில் எடுத்தேன்; பழக்கம். பிளாஸ்க், சரி. துண்டு, சரி. நைட்டி, சரி. டம்ளர் ஒன்று குறைந்தது.

சேலை இல்லை.

அடுப்படியில் டம்ளர் வைக்கும் சத்தம்.

எழுந்து போனேன். கடுகு நிறச் சேலை, முதுகைக் காட்டி நின்றது. சேலைக்கு மேலே இரண்டு பச்சை நாடா தொங்கின.

"ஏனுங்க. கொஞ்சம் கட்டி உடுங்க."

ராமாத்தாளின் குரல் இல்லை.

முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிவிட்டேன். முதுகு வெதுவெதுப்பாக இருந்தது.

திரும்பி வந்து சீட்டின் அடியில் எழுதினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனது, இரண்டு பேர். வீட்டுக்கு வந்தது, இரண்டு பேர்.

கணக்கு நேர்.