ஏழாவது பூச்சு

நான்காவது பூச்சு முடிந்ததும் சிஹோ விரலை நீட்டித் தெளிப்பு முனையைச் சுட்டி, "முனை மூடியாச்சு" என்றாள்.

"சரி" என்று பதில் வந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர யாருமில்லை. ஞாயிறு மாலை. ஜப்பானின் சுவா ஏரிப் பக்கமிருந்து வந்த பனி சன்னலை வெள்ளையாக அடைத்திருந்தது. காற்று வடிகட்டியின் ஓயாத முனகலும், சூடான தட்டில் சாராய நெடியோடு உலரும் கார்பன் நானோகுழாய் மையும்தான் துணை.

இங்கே வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுட்டிச் சொல்ல, மற்றவர் பார்த்து "சரி" சொல்வார். பதினோரு வருடம் அந்த மற்றவர் ஒனுகி சான். "சத்தமா சொல்லும்மா, தட்டுக்குக் காது மந்தம்" என்று கேலி செய்வார். அக்டோபரில் இதே தட்டின் முன்னால் சரிந்து இறந்துபோனார். அதன்பிறகும் சிஹோ ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அவர் பதிலுக்காகக் கொஞ்சம் நிறுத்துவாள். வீட்டிலும் பேச ஆளில்லை.

இன்றுதான் பதில் வந்திருக்கிறது. ஓடியிருக்கலாம். ஆனால் தட்டில் இருப்பதுதான் கடைசி பிளாஸ்டிக் தாள். ஏழு பூச்சும் ஒரே சீராக விழாவிட்டால் நாளை காலை இந்தப் பிரிவையே மூடிவிடுவார்கள்.

ஐந்தாவது பூச்சு. சாம்பல் நிற மூடுபனி தாளில் இறங்கியது.

"வெப்பம் எண்பது."

"சரி."

இடது காதருகே. அவர் சப்பும் புதினா மிட்டாயின் வாசனையோடு. அந்தக் கணம் அவளுக்குப் பயமில்லை, நெஞ்சு இளகியது.

ஆறாவது பூச்சுக்கு அவள் வாய் திறக்கவில்லை.

"முனை மூடியாச்சு" என்றது குரல். முனை தானாக மூடிக்கொண்டது. பிறகு அவள் விடும் அதே இடைவெளி. இப்போது அவள் பதிலுக்காக.

அவள் சொல்லவில்லை.

ஏழாவது பூச்சு தானே தொடங்கியது. மை ஓரிடத்தில் மட்டும் விலகியது. நீளமாக. கணுக்கள். நகம். சுட்டும் விரல். அது முனையைச் சுட்டவில்லை. அவளை.

"கதவு மூடியாச்சு."

பின்னால் தாழ் விழுந்தது.

"ஆள் ஒண்ணு. உள்ளே."

இடைவெளி.

கையுறையால் வாயைப் பொத்தினாள். பதினோரு வருடப் பழக்கம் விரல்களுக்கிடையே கசிந்தது.

"சரி."

தாளில், அந்த விரலுக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு விரல்கள் தெளிந்தன. ஐந்தும் மெல்ல அவளை நோக்கி நீண்டன.